பாறையில் மேயும் மீன்: சர்ஜன் மீன் பற்றி ஓர் அறிமுகம்

எனக்கு ஒன்பது வயதிருக்கும். நீரோடிக் கரையில் சித்தப்பா கட்டுமரத்திலிருந்து கடவத்தை இறக்கி வைத்தார். நீரோடி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தமிழ்நாட்டின் மேற்குக் கரையில் இதுதான் கடைசி ஊர். நாலு எட்டு நடந்தால் பொழியூர் வந்துவிடும், அது கேரளம். கடவத்தில் எல்லா மீனுக்கும் மேலே முழங்கை நீளத்தில் ஒரு தட்டை மீன் கிடந்தது. சாம்பல் உடம்பு, கைத்துடுப்பில் மட்டும் மஞ்சள். வாலைப் பிடித்துத் தூக்கப் போனேன். "மக்களே, வாலத் தொடாத! கத்தி வச்சிருக்கான்!" என்று சித்தப்பா சொல்லி முடிப்பதற்குள் சுட்டுவிரல் அறுபட்டுவிட்டது. ப்ளேடு கீறினால் எப்படி முதலில் ரத்தம் மட்டும் வந்து, வலி பிறகு வருமோ, அப்படித்தான் இருந்தது. அன்று ராத்திரி முழுக்க விரல் விண்விண் என்று தெறித்தது.

கட்டுப் போட்டுவிட்ட பிறகு சித்தப்பா அந்த மீனைத் திருப்பிக் காட்டினார். வால் துடுப்புக்குச் சற்று முன்னால், உடம்பு ஒடுங்கிக் காம்புபோல ஆகிற இடத்தில், ஒரு குறுகிய பள்ளம். அதற்குள் வெள்ளையாக ஏதோ மடிந்து கிடந்தது. ஓர் ஈர்க்குச்சியை அதன் நுனிக்கடியில் செருகி மெல்ல நெம்பினார். பேனாக்கத்தி திறப்பதுபோல ஒரு முள் எழுந்து வந்தது. நுனி தலைப்பக்கம் பார்த்திருந்தது. கீல் வால்பக்கம் இருந்தது. விரலால் அழுத்தியதும் மறுபடி பள்ளத்துக்குள் போய் அமர்ந்துகொண்டது. மீனைப் புரட்டினால் அந்தப் பக்கமும் இதேபோல ஒன்று.

இன்று பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். சர்ஜன் மீன் என்று பேச்செடுத்தால் பிள்ளைகள் கேட்பதும் அந்தக் கத்தியைப் பற்றித்தான். அது நியாயமான ஆர்வம்தான், அதிலிருந்தே தொடங்குகிறேன். ஆனால் இந்த மீனின் உண்மையான கருவி வாலில் இல்லை, வாயில் இருக்கிறது. கத்தியால் அது தன்னைக் காத்துக்கொள்கிறது. வாயால் ஒரு பாறையையே காக்கிறது.

கத்தி எப்படி வேலை செய்கிறது

அந்த முள் எலும்பில் முளைத்த ஒன்றல்ல. செதில்தான் காலப்போக்கில் தடித்துக் கூர்மையாகி முள்ளாகிவிட்டது. மீன் நேராக நீந்தும்போது அது பள்ளத்துக்குள் மடிந்திருக்கும், நீரோட்டத்துக்குத் தடையாக இராது. உடம்பை வளைத்து வாலை ஒரு பக்கமாக வீசும்போது வெளியே நிமிரும். நுனி முன்னோக்கி இருப்பதால் எதிரியின் தோலில் மாட்டி இழுத்து அறுக்கும். குத்துகிற முள் அல்ல இது, கீறுகிற முள். மருத்துவர் கையிலுள்ள அறுவைக் கத்தியோடு ஒப்பிட்டுத்தான் ஆங்கிலத்தில் சர்ஜன் என்று பெயர் வைத்தார்கள். அட்லாண்டிக் கடலில் உள்ள ஓர் இனத்துக்கு அறிவியல் பெயரே 'சிருர்கஸ்', அதாவது அறுவை மருத்துவர். குடும்பத்தின் பெயரான அகாந்துரிடே என்பதும் கிரேக்கத்தில் 'முள்' 'வால்' என்ற இரண்டு சொற்களிலிருந்து வந்ததுதான்.

குடும்பத்தில் எல்லோரிடமும் ஒரே மாதிரிக் கத்தி இருக்காது. மொத்தம் ஆறு பேரினங்கள், எண்பதுக்கும் மேற்பட்ட இனங்கள். அகாந்துரஸ், டீனோகீடஸ், ஜீப்ராசோமா, பாராகாந்துரஸ் ஆகிய நான்கிலும் பக்கத்துக்கு ஒன்றாக மடங்குகிற முள். நாசோ என்ற பேரினத்தில் மடங்காத எலும்புத் தகடுகள், பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ, தோலோடு நிலையாக நிற்கும். ப்ரியோனுரஸில் அதைவிட அதிகமான தகடுகள் வரிசையாக இருக்கும். நாசோ வகைகளில் சிலவற்றுக்கு நெற்றியில் கொம்பு போன்ற ஒரு புடைப்பும் உண்டு.

கத்தி இருக்கிற இடத்தைச் சில இனங்கள் மறைப்பதில்லை. சுற்றிலும் ஆரஞ்சு நிறம் பூசிக் காட்டுகின்றன. இது வீட்டு வாசலில் 'நாய் ஜாக்கிரதை' என்று எழுதி வைப்பது போன்றது. பெரும்பாலான சண்டை அந்த நிறத்தைக் காட்டுவதோடு முடிந்துவிடும்.

யாருக்காவது அறுபட்டால் செய்ய வேண்டியது: சுத்தமான நீரில் நன்றாகக் கழுவி, தாங்குகிற அளவு வெந்நீரில் காயத்தை வைத்திருந்து, பிறகு மருத்துவரிடம் போய் டிடி ஊசி தேவையா என்று கேட்க வேண்டும். சில இனங்களின் முள்ளில் நஞ்சும் உண்டு. எனக்கு அன்று மஞ்சள் பற்றுப் போட்டதோடு சரி. அது போதாது என்று இப்போது தெரிகிறது.

வாயைப் பாருங்கள்

ஓரா மீனை உரித்துக் குழம்பு வைத்தவர்களுக்கு அதன் சின்ன வாய் நினைவிருக்கும். சர்ஜன் மீனின் வாயும் அப்படித்தான்: முகத்தின் அடிப்பகுதியில், சிறியதாக, முத்தமிடக் குவித்ததுபோல. உடம்பு உயரமாகவும் பக்கவாட்டில் தட்டையாகவும் இருக்கும், செதில்கள் மிகச் சிறியவை. கையால் தடவினால் உப்புத்தாள் தேய்ப்பதுபோல இருக்கும். கண் தலையின் மேல்பக்கத்தில் உயரமாக இருக்கிறது. தலை குனிந்து மேயும்போதும் மேலே யார் வருகிறார்கள் என்று பார்க்க வசதி.

உதட்டை விலக்கினால் பல் தெரியும். அகாந்துரஸ் வகையில் பற்கள் தட்டையாக, ஒன்றையொன்று ஒட்டி, விளிம்பில் அரம் போன்ற சிறு வெட்டுகளோடு இருக்கும். எங்கள் பக்கம் கருக்கரிவாள் என்று ஒன்று வைத்திருப்பார்கள், புல் அறுக்க. அதன் விளிம்பை நினைத்துக்கொள்ளுங்கள். பாறையில் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு வளர்ந்திருக்கிற பாசியைப் பிடித்து, தலையை ஒரு வெட்டு வெட்டி அறுத்துக்கொண்டு போகும். டீனோகீடஸ் வகைக்குப் பல் வேறு மாதிரி: சீப்பின் பற்கள்போல நீளமாக, அசையக்கூடியவையாக இருக்கும். அது பாசியை அறுப்பதில்லை. பாசிமேல் படிந்த தூசியையும் நுண்ணுயிர்களையும் பெருக்கி வாரி எடுக்கிறது. முன்னது அரிவாளோடு வருகிறவன் என்றால் பின்னது விளக்குமாற்றோடு வருகிறவன்.

விரலில் அறுத்த அந்த மஞ்சள் துடுப்பு மீன், அகாந்துரஸ் வகைகளிலேயே பெரியது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். பாறைக்குப் பக்கத்து மணலில் மேய்வது அதன் வழக்கம். மணலோடு சேர்த்தே விழுங்கும். அதன் வயிறு கோழிக்கு இருக்கிற தடித்த சதைப்பைபோல இருக்கும். மணலை வைத்து உள்ளே பாசியை அரைத்துவிடுகிறது. பாறையில் மட்டும் மேய்கிற இனங்களுக்கு இந்தத் தடித்த வயிறு கிடையாது. அவற்றின் வயிற்றுச் சுவர் மெல்லியது, அரைக்கிற வேலையை அமிலம் பார்த்துக்கொள்கிறது. ஒரே குடும்பம், ஒரே பாசி, இரண்டு விதமான சமையல்.

பாசி சத்துக் குறைந்த உணவு. மாடு நாளெல்லாம் மேய்வதுபோல இதுவும் பொழுது விடிந்ததிலிருந்து அடைகிற வரை மேய்ந்துகொண்டே இருக்க வேண்டும். குடலும் அதற்கேற்ப நீளம். அந்தக் குடலுக்குள் ஓர் அதிசயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் தாண்டிப் போக எனக்கு மனம் வராது. செங்கடலில் ஒரு பழுப்பு நிற சர்ஜன் மீனின் குடலை ஆராய்ந்தபோது, 1985இல், லெவ் ஃபிஷெல்சனும் அவருடைய சகாக்களும் சுருட்டு வடிவில் பெரிய உயிர்களைக் கண்டார்கள். சில அரை மில்லிமீட்டருக்கும் மேல் நீளம். இந்த வாக்கியத்தின் முடிவில் உள்ள புள்ளியின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு பெரிதாக இருப்பதால் அது பாக்டீரியாவாக இருக்க முடியாது என்றே முதலில் நினைத்தார்கள். 1993இல் அதன் மரபணுவைப் படித்தபோது பாக்டீரியாவேதான் என்று உறுதியானது. மைக்ராஸ்கோப் இல்லாமல் வெறும் கண்ணுக்குத் தெரிகிற பாக்டீரியா! சாதாரண பாக்டீரியா நடுவில் பிளந்து இரண்டாகும். இது அப்படியில்லை, தன் உடம்புக்குள்ளேயே குட்டிகளை வளர்த்து வெளியே விடுகிறது. அதற்கு வைத்த பெயர் எபுலோபிசியம், மீனின் விருந்துக்கு வந்த விருந்தாளி என்ற பொருளில். பாசியைச் செரிப்பதில் மீனுக்கு இப்படிப்பட்ட விருந்தாளிகள் துணை நிற்கிறார்கள். மாட்டின் வயிற்றிலும் நுண்ணுயிர்கள்தான் புல்லைப் பாலாக்க உதவுகின்றன. கடலிலும் கரையிலும் மேய்கிறவர்களின் வழி ஒன்றுதான்.

எல்லா சர்ஜன் மீனும் பாசி தின்னி என்று நினைத்துவிடக் கூடாது. நாசோவில் பல இனங்களும், நம் கரையில் கிடைக்கிற நீளவாக்கான ஓர் அகாந்துரஸ் இனமும், பாறையை விட்டுச் சற்று விலகி நடுநீரில் நின்று நீரோட்டத்தில் மிதந்து வருகிற நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்கின்றன. ஹவாய்த் தீவுகளில் மஞ்சள் நிற ஜீப்ராசோமா பச்சை ஆமையின் ஓட்டில் வளர்ந்த பாசியை மேயும். ஆமை அசையாமல் நின்று கொடுக்கும்.

எங்கே வாழ்கிறது

சர்ஜன் மீன்களில் பெரும்பாலானவை இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் இருக்கின்றன. அட்லாண்டிக்கில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். பாசி வளர வெயில் வேண்டும், வெயில் ஆழத்துக்கு இறங்காது. அதனால் இந்த மேய்ச்சல்காரர்கள் பெரும்பாலும் ஆழம் குறைந்த, தெளிந்த, வெதுவெதுப்பான தண்ணீரில்தான் இருப்பார்கள். பவளப்பாறை அதற்கு ஏற்ற இடம்.

ஒரு பவளப்பாறையை ஊராக நினைத்துப் பாருங்கள், தெருவுக்குத் தெரு வேறு ஆட்கள். அலை உடைந்து நுரை அடிக்கிற வெளி விளிம்பில் நீலமும் மஞ்சளும் கோடுகோடாக ஓடுகிற லீனியேட்டஸ் இனம் இருக்கும். அங்கே அலை வலுவானது, ஆனால் வெயிலும் அதிகம், பாசியும் செழிப்பு. ஆளுக்கொரு துண்டு இடம் பிடித்துக்கொண்டு, மற்றவர் மேய வந்தால் கத்தியை நீட்டித் துரத்தும். உள்ளே அமைதியான தண்ணீரில், மணலும் கல்லும் கலந்த இடத்தில், என் விரலை அறுத்த மஞ்சள் துடுப்பு இனம். வெளிச்சரிவில் நடுநீரில் நாசோ கூட்டங்கள். மஞ்சள் வாலோடு அடர்நீல நிறத்தில், மீன்தொட்டிக் கடையில் 'ப்ளூ டாங்' என்று கேட்டு வாங்குகிறார்களே, அது பாராகாந்துரஸ். கிளை விட்ட பவளத்துக்குப் பக்கத்தில் திரியும், பயந்தால் கிளைகளுக்கு நடுவே போய் ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

அலை விளிம்பில் இடம் பிடித்த அந்தக் கோடு போட்ட நிலக்காரனிடமிருந்து மேய்ச்சலைப் பறிக்க ஒரு வழி இருக்கிறது, கூட்டமாக வருவது. கைதிச் சட்டை போட்டதுபோல வெளிர் உடம்பில் கறுப்புப் பட்டைகள் உள்ள ட்ரையோஸ்டெகஸ் இனம் இதில் கெட்டி. 1758இல் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் பெயர் வைத்த மீன் இது. கண் வழியாக ஒரு பட்டை, உடம்பில் நான்கு, வால் காம்பில் சின்னதாக ஒன்று. இதன் கத்தி மிகச் சிறியது, தனியாகப் போனால் அடி வாங்கித் திரும்பும். அதனால் நூற்றுக்கணக்கில் சேர்ந்து திமுதிமுவென இறங்கும். நிலத்துக்காரன் ஒன்றைத் துரத்துவதற்குள் மற்றதெல்லாம் மேய்ந்து முடித்திருக்கும்.

இனயத்திலிருந்து விழிஞ்ஞம் வரைக்குமான எங்கள் கரையில் இப்படிப்பட்ட பெரிய பவளப்பாறை கிடையாது. காரணம் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிற ஆனி, ஆடி மாதங்களில் இந்தக் கடலில் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே எழும்பி வருகிறது. அதில் உரம் அதிகம், மத்திக்கும் நெத்திலிக்கும் அது கொண்டாட்டம். பவளத்துக்கோ குளிரும் கலங்கலும் ஆகாது. தேங்காய்ப்பட்டணத்தில் கலக்கிற குழித்துறை ஆறும், பூவாறில் கலக்கிற நெய்யாறும் மழைக்காலத்தில் சேற்றைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. ஆகவே இங்கே இருப்பது கரும்பாறைதான். கடலுக்கடியில் மேடாகக் கிடக்கிற பாறையைப் 'பார்' என்று சொல்வோம். இனயம், விழிஞ்ஞம் பக்கத்தில் அந்தப் பாறைகளின்மேல் அங்கங்கே பவளம் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும், அவ்வளவே. மீனுக்கு அதுவே போதும். பாசியும், ஒளிந்துகொள்ளப் பொந்தும், வெயில் எட்டுகிற ஆழமும் இருந்தால் சர்ஜன் மீன் அங்கே குடியிருக்கும்.

இதை முதலில் கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் ஊர்ப்பக்கத்துச் சிப்பி எடுப்பவர்கள். சித்தப்பாவும் சிப்பி எடுக்கப் போவார். கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பை கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, உளியால் பாறையிலிருந்து சிப்பியைப் பெயர்த்தெடுப்பார்கள். "உளி போட்டுப் பாற வெளுத்த இடத்துக்கு மறுநா போனா, பட்டக்கோட்டுக்காரனுவ அங்கதான் நிப்பானுவ" என்பார் சித்தப்பா. பட்டைக்கோட்டுக்காரன் என்றால் அந்தக் கறுப்புப் பட்டை போட்ட ட்ரையோஸ்டெகஸ். சிப்பி பெயர்ந்த வெற்றுப் பாறையில் முதலில் முளைப்பது பாசி. இளம் பாசியைத் தேடி மீன் வருகிறது. ஒரு பாடப்புத்தகத்திலும் நான் படிக்காத, ஆனால் முழுக்கப் பொருந்துகிற கவனிப்பு அது.

உண்மையான பவளப்பாறை பார்க்க வேண்டுமானால் இரண்டு திசை. கிழக்கே மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும், 21 தீவுகள். 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். மேற்கே லட்சத்தீவு. தூத்தூர்ப் பக்கத்து விசைப்படகுக்காரர்களுக்கு அந்தக் கடல் பழக்கம். பொடிநீல உடல், கறுத்த முகம், வெள்ளைக் கழுத்து, மஞ்சள் முதுகுத் துடுப்பு என்று ஒரு சர்ஜன் மீன் உண்டு, இந்தியப் பெருங்கடல்தான் அதன் வீடு. வெளிநாட்டு மீன்தொட்டிகளில் பெரிய விலைக்குப் போகிற அது நமக்கு அண்டை வீட்டுக்காரன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எனக்கே பெருமையாக இருக்கும்.

மேய்ச்சல் நின்றால்

பவளம் என்பது கல் அல்ல. சுண்ணாம்பு வீடு கட்டிக்கொண்டு கூட்டமாக வாழ்கிற சிறு உயிர். அதன் உடம்புக்குள் நுண்பாசி குடியிருந்து வெயிலில் உணவு தயாரித்துக் கொடுக்கிறது. பவளத்தின் குஞ்சு நீரில் மிதந்து வந்து, ஏதாவது ஒரு வெற்றுப் பாறையில் ஒட்டிக்கொண்டுதான் புதிய வீட்டைத் தொடங்க முடியும். பாறையெங்கும் பாசி மண்டிக் கிடந்தால் அதற்கு ஒட்ட இடம் இல்லை. ஏற்கெனவே இருக்கிற பவளத்தின்மேலும் பாசி ஏறிப் படர்ந்து வெயிலை மறைத்துவிடும். பாசி வேகமாக வளரும், பவளம் மிக மெதுவாக வளரும். இரண்டையும் தனியே விட்டால் யார் ஜெயிப்பார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. நடுவில் நின்று பாசியைக் கத்தரித்துக்கொண்டே இருப்பவர்கள் சர்ஜன் மீன், ஓரா, கிளிமூக்குபோல அலகு கொண்ட மீன்கள், முள் பந்துபோல இருக்கிற கடல் முள்ளெலிகள்.

இவர்கள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை ஜமைக்கா காட்டியது. அங்கே பல காலமாகப் பாசி தின்னும் மீன்களை அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டார்கள். ஆனாலும் நீண்ட கறுப்பு முள் கொண்ட கடல் முள்ளெலி ஏராளமாக இருந்ததால் பாசி அடங்கியே இருந்தது. 1980இல் ஒரு பெரும்புயல் பவளத்தை நொறுக்கியது. 1983லும் 84லும் கரீபியன் கடல் முழுவதும் ஏதோ ஒரு நோய் பரவி அந்த முள்ளெலிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் செத்துப்போயின. மேய ஆளில்லை. 1970களின் கடைசியில் பாறையின் பாதிக்கும் மேல் உயிருள்ள பவளமாக இருந்த ஜமைக்காவில், 1990களின் தொடக்கத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட மிஞ்சவில்லை. மீதியெல்லாம் பாசிக்காடு. மீன் போதுமான அளவு இருந்திருந்தால் முள்ளெலி போனபோது அவை தாங்கிப் பிடித்திருக்கும். ஒரே ஓர் ஆளை நம்பி வயலை விட்டதுபோல ஆகிவிட்டது.

இது எங்கோ நடந்த கதை என்று விட்டுவிட எனக்கு முடியவில்லை. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் தண்ணீர் சூடாகிப் பவளங்கள் வெளுத்தன. வெளுத்துச் செத்த பவளத்தின்மேல் முதலில் ஏறுவது பாசிதான். அடுத்த தலைமுறைப் பவளம் அங்கே கால் ஊன்றுமா என்பது, அந்தப் பாசியை மேய எத்தனை வாய் மிச்சம் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. சூட்டை மீனால் தடுக்க முடியாது. செத்த இடத்தில் மறுபடி முளைக்க இடம் ஒதுக்கிக் கொடுக்க முடியும்.

முட்டையிலிருந்து முதுமை வரை

பல இனங்கள் முட்டையிடுவதற்குப் பொழுது சாய்கிற நேரத்தில் பாறையின் வெளி விளிம்பில் கூடுகின்றன. நிலவின் கணக்கைப் பார்த்து நாள் குறிக்கிற இனங்களும் உண்டு. கூட்டத்திலிருந்து ஒரு சிறு குழு திடீரென்று மேல்நோக்கிப் பாய்ந்து, முட்டையையும் விந்தையும் நீரில் கலந்துவிட்டு, கண்மூடித் திறப்பதற்குள் கீழே திரும்பிவிடும். கூடு கட்டுவதில்லை, காவல் காப்பதில்லை. முட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, அதற்குள் ஒரு துளி எண்ணெய், அதனால் மிதக்கும். ஏறக்குறைய ஒரு நாளில் பொரிந்துவிடும்.

பட்டைக்கோட்டு இனத்தின் வாழ்க்கையை ஹவாயில் ஆராய்ந்து ஜான் ராண்டல் 1961இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் படிக்கப்படுகிறது. குஞ்சு கடலில் வாரக்கணக்கில், இரண்டு மாதத்துக்கு மேலும்கூட, மிதந்து திரிகிறது. அப்போது அது பெற்றோர்போல இருக்காது. கண்ணாடித் தகடுபோல உடம்பு, உள்ளே முள்ளந்தண்டு தெரியும், வயிற்றில் மட்டும் வெள்ளிப்பூச்சு. அப்போது அது பாசி தின்பதில்லை, மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்கிறது. ஓர் அங்குலம் வளர்ந்ததும், நிலவில்லாத இருட்டு இரவு ஒன்றில், கரையை நோக்கி வருகிறது. வெளிச்சத்தில் வந்தால் வழியிலேயே தின்றுவிடுவார்கள். வந்து சேர்ந்த நாலைந்து நாளில் உடம்பில் நிறம் ஏறி, கறுப்புப் பட்டைகள் எழுகின்றன. குடல் மூன்று மடங்கு நீள்கிறது. மாமிசம் தின்று வந்த குஞ்சு, ஒரு வாரத்துக்குள் பாசி மேய்கிற மீனாகிவிடுகிறது. இந்த ஒரு வாரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இவ்வளவு நீண்ட குழந்தைப் பருவம் இருப்பதால்தான் தொட்டியில் இவற்றைக் குஞ்சு பொரிக்க வைப்பது கடினம். ஹவாயின் மஞ்சள் ஜீப்ராசோமாவை முட்டையிலிருந்து விற்பனை அளவு வரைக்கும் வளர்க்க 2015இல்தான் முடிந்தது. அது வரையில் தொட்டிகளில் இருந்த ஒவ்வொன்றும் கடலிலிருந்து பிடிக்கப்பட்டதே. வாங்குகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். நாளெல்லாம் நீந்தி மேய்கிற மீனுக்கு இரண்டடித் தொட்டி சிறைதான்.

இனி வயது. கத்தாளைத் தலையைத் தின்னும்போது பல்லில் தட்டுப்படுகிற வெள்ளைக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். அது காதுக்கல். எல்லா முள்மீனுக்கும் உண்டு. மரத்தை அறுத்தால் வளையம் தெரிவதுபோல, காதுக்கல்லை மெல்லியதாக அறுத்தால் ஆண்டு வளையம் தெரியும். சர்ஜன் மீனின் கல்லை அறுத்துப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. முதல் சில ஆண்டுகளில் விறுவிறு என்று வளர்ந்து, பிறகு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அந்த அளவிலேயே பத்து, இருபது, முப்பது ஆண்டுகள். அலை விளிம்பில் இடம் பிடித்து வாழ்கிற அந்தக் கோட்டு மீனில் நாற்பது தாண்டியவையும் பதிவாகியிருக்கின்றன. ஒரு சாண் மீனைப் பார்த்து 'குட்டி' என்று நினைப்போம், அது நம்மைவிட மூத்ததாக இருக்கலாம். ஆகவே ஒரு பாரிலிருந்து இவற்றை மொத்தமாக அள்ளிவிட்டால், இரண்டு வருடத்தில் ஈடுகட்டிவிடும் மத்தியைப்போல நினைக்கக் கூடாது. வயதானவை போனால் அந்த வயதுக்கு இன்னொன்று வர அவ்வளவு வருடம்தான் ஆகும்.

சாப்பிடலாமா என்று கேட்பார்கள். எங்கள் கரையில் கிடைத்தால் சாப்பிடுவார்கள், தோலை உரித்துவிட்டுச் சமைப்பார்கள். பசிபிக் தீவுகளில் ஓர் எச்சரிக்கை உண்டு: சீப்புப்பல் கொண்ட டீனோகீடஸ் வகை, பாசிமேல் ஒட்டி வாழ்கிற ஒரு நுண்ணுயிரின் நஞ்சையும் சேர்த்து வாரி எடுத்துவிடும். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஆழத்துக்கு இறங்க வேண்டியதில்லை. கடலரிப்பைத் தடுக்க எங்கள் ஊர்களில் தூண்டில் வளைவு போட்டிருக்கிறார்கள், பெரிய பெரிய கற்கள். கடல் அமைதியான மார்கழி, தை மாதங்களில், தண்ணீர் வற்றுகிற வேளையில், பெரியவர் ஒருவரோடு போய் கற்களுக்கிடையில் தேங்கிய குட்டையருகில் உட்காருங்கள். நிழல் தண்ணீரில் விழாமல் உட்கார வேண்டும், பத்து நிமிடம் அசையக் கூடாது. பட்டைக்கோட்டு இனத்தின் இளசுகளுக்கு இப்படிப்பட்ட குட்டைகள் பிடித்தமான இடம். போன தையில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். முதலில் நண்டு மட்டும்தான் தெரிந்தது. பிறகு ஒரு பொந்திலிருந்து கட்டைவிரல் அளவில் ஒன்று எட்டிப் பார்த்தது. ஒரு சிறுமி மூச்சுக்குள்ளேயே பட்டைகளை எண்ணினாள்: "கண்ணுல ஒண்ணு, மேல நாலு... வாலுல இருக்கு டீச்சர், ஆறு." அது வெளியே வந்து, பச்சையாக வழுவழுத்துக் கிடந்த கல்லில் தலையை ஒரு வெட்டு வெட்டியது. நகத்தால் சுரண்டியதுபோல ஒரு சின்ன வெள்ளைக் கோடு விழுந்தது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று.